மணல் சூடும் மரத்தடிச் சூடும்

கேள்வி: ஐயா, நிலாவெளிப் பக்கம் எங்களுக்கு நாற்பது கறுத்தக்கொழும்பான் மாமரம் நிற்கிறது. போன முறை பாதிக்கு மேல் பழ ஈ அழித்துவிட்டது. செயற்கைக்கோள் எடுக்கும் வெப்பநிலையை வைத்து ஈ பெருகும் காலத்தைக் கணிக்கலாம் என்கிறான் மகன். நம்பலாமா?
– ஒரு வாசகர், திருகோணமலை

பதில்: மகன் சொல்வதில் பிழையில்லை. பூச்சியின் வளர்ச்சி சுற்றியுள்ள சூட்டைப் பொறுத்தது, அதனால் நாள்தோறும் கிடைத்த சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் அடுத்த தலைமுறை எப்போது கிளம்பும் என்று சொல்லலாம். பகல் 34 பாகை, இரவு 26 என்றால் சராசரி 30. ஈ வளரத் தேவையான அடிமட்டச் சூட்டை 12 என்று வைத்தால் அன்றைய வரவு 18. குளிர்நாட்டு ஆப்பிள் தோட்டங்களில் மருந்தடிக்கும் நாளை இப்படித்தான் குறிக்கிறார்கள்.

ஆனால் நம்ம ஊரில் இரண்டு சிக்கல். நாசாவின் செயற்கைக்கோள்களில் இருக்கும் மோடிஸ் கருவி தருவது ஏறக்குறைய 1 கிலோமீட்டர் சதுரத்துக்கு ஒரே எண், அதுவும் காற்றின் சூடு இல்லை, நிலத்தின் மேற்பரப்புச் சூடு. நிலாவெளியில் ஒரு சதுரத்துக்குள் கடல், மணல், தோட்டம் எல்லாம் கலந்துவிடும். கச்சான் காற்று அடிக்கும் நாளில் மத்தியானம் வெறுங்காலை வைக்க முடியாத அந்த மணலின் கொதிப்பைத்தான் அது பார்க்கிறது, ஈயோ இலை நிழலில் இருக்கிறது. அதனால் இரவு எண்ணைத்தான் நான் கூடுதலாக நம்புவேன், அது காற்றின் குறைந்த வெப்பநிலைக்கு ஓரளவு கிட்ட வரும். மாரியில் முகில் மூடினால் அதுவும் கிடைக்காது.

அடுத்தது, இங்கே குளிர்காலமே இல்லை. ஆப்பிள் தோட்டத்தில் குளிர் முடிந்ததும் கணக்கை முதலிலிருந்து தொடங்கலாம், நமக்கு அப்படியொரு தொடக்கமே கிடையாது. வருடம் முழுக்கத் தலைமுறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், ஈக்கு வேண்டியதெல்லாம் பழம், மாங்காய் இல்லாத நாளில் கொய்யாவில் பிழைத்துக்கொள்ளும். ஆகவே ஆண் ஈக்களை மணத்தால் இழுக்கும் மெதைல் யூஜெனோல் வைத்த பொறி கட்டி, விழும் ஆண் ஈக்களைக் கிழமைக்கு ஒருமுறை எண்ணுங்கள், அந்த எண்ணிக்கை ஏறத் தொடங்கும் நாளிலிருந்து மகன் சூட்டுக் கணக்கைத் தொடங்கட்டும். மரத்தடியில் ஒரு வெப்பமானியும் தொங்கட்டும், அப்போதுதான் செயற்கைக்கோள் எண் எவ்வளவு விலகுகிறது என்று தெரியும்.

கணக்கு தயாராகும்வரை கீழே விழுந்த காயைக் கிடக்க விடாதீர்கள். தோலில் ஊசி குத்தியது போல ஒரு புள்ளி, அதில் ஒரு துளி பால், இப்படிக் கண்ட காயை வெட்டினால் வெள்ளைப் புழு துள்ளும். அது மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழு ஆவதற்கு முன்னரே பொறுக்கி, கறுப்புப் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டி வெயிலில் போடுங்கள்.