பாதுகாப்புக்குத் தனி ஆள் எதற்கு?

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகக் கணினி மையத்தில் நாங்கள் நான்கு பேர். சர்வர், வைஃபை, ஈமெயில் எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். இப்போது பாதுகாப்புக்கென்று தனிக் குழு போடப் போகிறார்களாம். எங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்றுதானே அர்த்தம்?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் ஒரு கல்லூரியில் 18 வருடம் சர்வர் அறையில் இருந்தவன். எல்லாம் நிற்காமல் ஓட வேண்டும், அதுதான் நம் வேலை. மெயில் சர்வருக்குப் பேட்ச் (மென்பொருள் ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போட்டு ரீபூட் செய்ய அரை மணி நேரம் தேவைப்பட்டது. தேர்வு முடிவு வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். அப்புறம் அட்மிஷன், அப்புறம் செமஸ்டர் பதிவு. ஏழு மாதம் ஓடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை வந்து பார்த்தால், யாரோ உள்ளே புகுந்து ஆயிரக்கணக்கில் ஸ்பேம் அனுப்பியிருந்தார்கள். ஓட்டுகிறவனும் நானே, நிறுத்தச் சொல்ல வேண்டியவனும் நானே என்று இருந்ததால் வந்த வினை அது.

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் இதுவே பெரிய அளவில் நடந்தது. 2019 அக்டோபர் நடுவில் போலி மெயில் ஒன்றின் இணைப்பை யாரோ திறந்தார்கள். பேட்ச் போடாத சர்வர்கள் வழியாக நவம்பரில் முழு அதிகாரமும் திருடர்கள் கைக்குப் போனது. டிசம்பர் 23 அன்று, விடுமுறை நேரம் பார்த்து, 267 சர்வர்களைத் திறக்க முடியாதபடி பூட்டி, பணம் கேட்டார்கள். நகலாக எடுத்து வைத்திருந்த பேக்கப்பில் சிலவும் அதே நெட்வொர்க்கில் இருந்ததால் அவையும் போயின. 30 பிட்காயின், அன்றைக்குச் சுமார் 2 லட்சம் யூரோ, கொடுத்து மீட்டார்கள். நடந்ததை மறைக்காமல் 2020 பிப்ரவரியில் பொதுவில் சொன்னார்கள்; அதற்காக அவர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

என்னை உறுத்துவது திருடர்கள் உள்ளே இருந்த அந்த இரண்டு மாதம்தான். லாக் (சர்வரில் யார், எப்போது, என்ன செய்தார்கள் என்ற பதிவு) பார்ப்பதையே வேலையாகக் கொண்ட ஒருவருக்கு அது நீண்ட அவகாசம். வைஃபை புகாருக்கு ஓடிக்கொண்டிருக்கும் நான்கு பேருக்கு அது கிடைக்கவே கிடைக்காது. புராஜெக்ட் பணத்தில் வாங்கி, ஆராய்ச்சி மாணவர் போனபிறகும் மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரைத் தேடிப் பிடிக்கவும் உங்களுக்கு எங்கே நேரம்? நம் நாட்டில் இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் 2022-இல் போட்ட உத்தரவுப்படி, ஊடுருவல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும். லாக்கை 180 நாள் வைத்திருக்கவும் வேண்டும். நடுராத்திரியில் அதைச் செய்யப் போவது யார்?

ஒன்றை மட்டும் கேட்டு வாங்குங்கள். அந்தக் குழு உங்கள் இயக்குநருக்குக் கீழே இல்லாமல், நேரே பதிவாளரிடம் பேசக்கூடியதாக இருக்கட்டும். அப்போதுதான் "இன்று இரவு சர்வரை நிறுத்துங்கள்" என்று அவர்கள் சொல்வது செல்லும், பழியும் உங்கள் தலையில் விழாது. அவர்கள் வந்த முதல் வாரமே உங்கள் பேக்கப் ஒன்றை எடுத்து, வேறொரு மெஷினில் மீட்டுப் பாருங்கள். இரு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.