படகுக் கணக்கை விட்டுவிடலாமா?

தம்பி, பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வேலைத் தேர்வுகளுக்குத் தயாராகிறீர்கள். படகு, நீரோட்டக் கணக்குகளை மட்டும் ஒதுக்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

எந்தத் தேர்வு என்பதைப் பொறுத்தது. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 மட்டும் என்றால் அவசரமில்லை. அங்கே திறனறிவுக்கு 25 கேள்விகள். பாடத்திட்டத்தில் சதவீதம், வட்டி, காலமும் வேலையும் உண்டு, படகு தனித் தலைப்பாக இல்லை. வங்கி வேலைக்கான ஐபிபிஎஸ் எழுத்தர் முதல்நிலைத் தேர்வு அப்படியில்லை. 20 நிமிடத்தில் 35 கணக்கு, தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். கைப்பழக்கம் வந்துவிட்டால் அரை நிமிடத்தில் முடிகிற கணக்கை அங்கே விட்டுக்கொடுக்காதீர்கள்.

பயிற்சி மையத்தில் தந்த சூத்திரப் பட்டியலை மூடி வையுங்கள். தூரம் = வேகம் × நேரம், இது ஒன்று போதும். நீரோட்டத் திசையில் போனால் படகின் வேகத்தோடு ஆற்றின் வேகம் சேரும். எதிர்த்துப் போனால் கழியும். கேள்வியைப் படித்ததும் எக்ஸ் போடாமல் முதலில் அந்த இரண்டு வேகங்களை எழுதுங்கள்.

30 கி.மீ. தூரத்தை ஆற்றோட்டத்தில் 2 மணி நேரத்திலும், திரும்பும்போது 3 மணி நேரத்திலும் ஒரு படகு கடக்கிறது. வேகங்கள் 15, 10. கூட்டிப் பாதியாக்கினால் 12.5, அது அசைவற்ற நீரில் படகின் வேகம். கழித்துப் பாதியாக்கினால் 2.5, அது ஆற்றின் வேகம். சரி, சராசரி வேகம் கேட்டால்? நிறைய பேர் அதே 12.5-ஐக் குறித்துவிட்டு வருகிறார்கள். மொத்தம் 60 கி.மீ., 5 மணி நேரம், விடை 12. மெதுவான பாதியில் அதிக நேரம் கழிவதால் சராசரி கீழே இறங்குகிறது. விடைத் தெரிவுகளில் 12.5 பெரும்பாலும் காத்திருக்கும்!

கொஞ்சம் முரண்டு பிடிக்கும் வகை: அசைவற்ற நீரில் வேகம் 15, போக 30 கி.மீ., திரும்பி வர 30 கி.மீ., மொத்தம் நாலரை மணி நேரம். ஆற்றின் வேகம் என்ன? முறைப்படி போட்டால் இருபடிச் சமன்பாடு வரும். பள்ளித் தேர்வில் அப்படித்தான் எழுத வேண்டும். இங்கே விடைகள் கண்முன்னே இருக்கின்றன. 5 என்று வைத்துப் பாருங்கள்: வேகங்கள் 20, 10; நேரம் ஒன்றரையும் மூன்றும். முடிந்தது.

கலைப் பிரிவு மாணவர்களிடம் நான் அதிகம் பார்ப்பது இயற்கணிதத் தவறை அல்ல. 1 மணி 40 நிமிடத்தை 1.4 என்று எழுதுவதைத்தான். அது 5/3 மணி. கி.மீ./மணியை மீட்டர்/விநாடி ஆக்க 5/18-ஆல் பெருக்க வேண்டும் என்பதையும் அப்படியே கையோடு பழகிக்கொள்ளுங்கள், ரயில் கணக்குக்கும் உதவும்.

முதல் வாரம் விடை காண வேண்டாம். பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு வேகங்களை மட்டும் எழுதுங்கள். அப்புறம் கடிகாரத்தை வைத்துக்கொள்ளலாம்.