காணொளிப் பாட்காஸ்ட்: கேமராவும் ஓடையும்

மதிப்பிற்குரிய ஐயா,

நானும் என் நண்பரும் அறிவியல் நூல்களைப் பற்றி மாதம் இருமுறை உரையாடி, அதைக் காணொளிப் பாட்காஸ்ட்டாக வெளியிட எண்ணியுள்ளோம். எந்தக் கேமரா வாங்கலாம்? யூடியூபில் மட்டும் ஏற்றினால் போதாதா?

ம.

அன்புள்ள ம.,

கேமராவை இப்போது வாங்க வேண்டாம். கையிலிருக்கும் செல்பேசியே போதும். அந்தப் பணத்தில் ஆளுக்கொரு காலர் மைக் வாங்குங்கள். படம் சற்று மங்கினாலும் பொறுத்துக்கொள்பவர்கூட எதிரொலிக்கும் குரலை நெடுநேரம் பொறுக்கமாட்டார். ஒலியைத் தனிக் கருவியில் பதிவதானால் 48 கிலோஹெர்ட்ஸில் பதியுங்கள். தொடக்கத்தில் ஒருமுறை கேமராமுன் கைதட்டினால், அலைவடிவத்தில் தெரியும் கூர்முனையைக் கொண்டு படத்தையும் ஒலியையும் எளிதில் பொருத்தலாம். ஆனால் பல செல்பேசிகள் நொடிக்கான பிரேம்களின் (காணொளியாகச் சேரும் தனிப்படங்களின்) எண்ணிக்கையைக் கூட்டியும் குறைத்துமே பதிவுசெய்வதால், முதலில் கச்சிதமாக இருந்த உதட்டசைவும் குரலும் போகப்போக விலகிவிடக்கூடும். எடிட்டிங்கைத் தொடங்கும் முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் கோப்பை மாறாத பிரேம் வேகத்துக்கு மாற்றிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

யூடியூப் மட்டும் போதாது என்றே சொல்வேன். அங்கே சேரும் சந்தாதாரர்களை நீங்கள் வேறெங்கும் அழைத்துச் செல்ல முடியாது. ஆர்எஸ்எஸ் ஓடை என்பது நிகழ்ச்சியின் பகுதிகளைப் பட்டியலிடும் ஒரு இணையக் கோப்பு; பாட்காஸ்ட் செயலிகள் அதைப் படித்தே புதிய பகுதிகளைக் கேட்பவரிடம் சேர்க்கின்றன. மென்பொருளாளர் டேவ் வைனர் 2000ஆம் ஆண்டின் இறுதியில் ஒலிக்கோப்புகளை இணைக்க வழிசெய்த இந்த ஓடையோ யாருடைய செயலிக்கும் உரியதன்று. 2024இல் கூகுள் தன் பாட்காஸ்ட் செயலியை மூடியபோது, அதன் பயனர்கள் சந்தாப் பட்டியலை எடுத்துக்கொண்டு வேறு செயலிக்குப் போக முடிந்தது அதனால்தான். உங்கள் ஒலிக்கோப்புகளை வைத்திருக்கும் சேமிப்புத் தளத்தை நீங்கள் மாற்ற நேர்ந்தாலும், பழைய ஓடை முகவரியைப் புதியதற்குத் திருப்பிவிட்டால் கேட்பவர்கள் தாமாகவே வந்துசேர்வார்கள்.

காணொளியையும் ஓடையிலேயே தரலாமே என்று கேட்பீர்கள். தரலாம்தான், ஆனால் கோப்பின் கனம் இடிக்கிறது: நொடிக்கு 5 மெகாபிட் வீதம் ஒரு மணி நேரக் காணொளி ஏறத்தாழ 2.25 ஜிபி வரும். நொடிக்கு 128 கிலோபிட் வீதம் அதே ஒரு மணி நேர ஒலியோ 60 எம்பிக்கும் குறைவு. எனவே முழுக் காணொளியை யூடியூபிலும், ஒலியைச் சொந்த முகவரியிலுள்ள ஓடையிலும் வெளியிடுங்கள்.

அப்படிச் செய்வதானால் பேச்சிலும் ஒரு கவனம் வேண்டும். நூலிலுள்ள வரைபடத்தைக் காட்டி “இதைப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னால், காதால் மட்டும் கேட்பவர் தவித்துப்போவார். கோடு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்பதையும் அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.