முன் சக்கரத்தில் உறுமல்

கேள்வி: காய்கறி ஏற்றும் என் பிக்கப் வண்டியில், 50 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் முன்பக்கம் உறுமல் கேட்கிறது. டயர் மாற்றியும் தீரவில்லை. பேரிங் தேய்ந்திருக்குமா?
– வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: பெரும்பாலும் அதுவே காரணம். உறுமல் வண்டியின் வேகத்தோடு கூடிக் குறைந்து, இடப்பக்கம் திரும்பும்போது இன்னும் பலமாகக் கேட்டால், எடை சாய்கிற வலச் சக்கரத்தையே முதலில் சந்தேகிக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். தெரிகிற ஆட்டம், மற்றொருவர் பிரேக்கை மிதித்ததும் மறைந்தால் பேரிங்கிலும், மறையாவிட்டால் சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் போன்ற பாகங்களிலும் தேய்மானம் இருப்பதாகக் கொள்ளலாம்.

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில், கூம்பு வடிவ உருளைகள் (ரோலர்கள்) கொண்ட இரண்டு டேப்பர் ரோலர் பேரிங்குகள் உள்ள வண்டியானால், ரோலர்களை மட்டும் மாற்றிவிட்டு, ஹப்பில் பதிந்திருக்கும் வெளிவளையத்தைப் பழையதாகவே விடும் பட்டறை வழக்கத்துக்குச் சம்மதிக்காதீர்கள்; அந்தச் சிக்கனம் புதிய ரோலர்களை விரைவில் கெடுத்துவிடும். கிரீஸ் கசியாமல் தடுக்கும் ஆயில் சீலும், ஹப்பின் நட்டு கழலாமல் பூட்டும் காட்டர் பின்னும் புதிதாக இருக்கட்டும். கிரீஸை மேலே பூசினால் போதாது, ரோலர்களின் இடுக்குகளில் அழுத்தி ஏற்ற வேண்டும். சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, பின்பு தளர்த்தி, வண்டிக் கையேடு கூறும் அளவுக்கு மட்டும் மீண்டும் இறுக்குவதே முறை. மிகையாக இறுக்கினால் பேரிங் சூடேறிக் கருகிவிடும்.