மூன்றடுக்குக் கேக்கும் வெட்டாத கூப்பனும்

(வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள சார்,

உங்கள் தளத்தை ஐந்தாறு வருடமாக வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல்முறை. இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறேன். இரண்டு வருடமாக எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்திருக்கிறது. ஞாயிறு காலைகளில் பழைய பொருள் சந்தைகளுக்குப் போய் இரண்டாம் உலகப்போர் காலத்துப் புகைப்படங்கள், ரேஷன் புத்தகங்கள், தையல் பேட்டர்ன் உறைகள் என்று தேடித் தேடி வாங்குகிறேன். நாற்பதுகளின் உடை போட்டுக்கொண்டு கூடுகிற திருவிழாக்களுக்கும் போவதுண்டு. அதற்கென்றே ஒரு கம்பளி கவுன் வாங்கினேன். அதன் கழுத்துப் பட்டியில் வாய் பிளந்த இரண்டு வட்டங்களும் 41 என்ற எண்ணும் இருக்கின்றன. அது என்ன முத்திரை?

போன மாதம் ஒரே டப்பாவில் இரண்டு பொருள் கிடைத்தன. ஒன்று கல்யாணப் படம், 6 பவுண்டு. பின்னால் பென்சிலில் 'ஜூன் 1943'. இன்னொன்று 1943-44க்கான துணிக் கூப்பன் புத்தகம், 3 பவுண்டு. அதில் மூன்று பக்கம் கூப்பன் வெட்டாமலே இருக்கிறது. இரண்டையும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன். படத்தைப் பாருங்கள். போர் நடக்கிறது, தலைக்கு மேல் குண்டு விழுகிறது, ஆனால் ஒருவராவது கசங்கி நிற்கிறார்களா? மூன்றடுக்குக் கேக் வேறு! அந்தப் பெண் கூப்பனைக்கூட நாட்டுக்காக மிச்சம் பிடித்திருக்கிறாள். வாரம் ஒரு பார்சல் துணி வாங்கிக் குவிக்கும் நாம் அந்தக் காலத்துக்குத் திரும்பினால் என்ன என்று தோன்றுகிறது. நீங்கள் பழம்பெருமையைக் கிண்டல் செய்பவர். இதற்கு என்ன சொல்வீர்கள்?

பெயர் வேண்டாம். இதற்கெல்லாம் எவ்வளவு செலவழிக்கிறேன் என்று வீட்டில் தெரியாது.

லெஸ்டரிலிருந்து ஒரு வாசகி

*

அன்புள்ள லெஸ்டர் வாசகிக்கு,

பெயரை எடுத்துவிட்டேன். செலவுக் கணக்கை எடுக்கவில்லை, மன்னிக்கவும். பதில் சொல்ல அந்த 6 பவுண்டும் 3 பவுண்டும் எனக்கு வேண்டும்.

உங்கள் ஸ்கேனை அரை மணி நேரம் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மணமகளை விட்டுவிட்டு, அவளுக்கு வலப்பக்கம் நிற்கும் பெரியவரைப் பாருங்கள். அப்பாவாக இருக்கலாம். அவருடைய பேண்ட்டின் கால்முனை வெளிப்பக்கம் மடித்துத் தைத்திருக்கிறது. 1942இல் பிரிட்டிஷ் அரசு இந்த மடிப்பைத் தடை செய்தது. புதிதாகத் தைக்கும் ஆண்கள் கோட்டில் மூன்று பைக்கு மேல் கூடாது, முன்னால் மூன்று பட்டனுக்கு மேல் கூடாது, கைமுனையில் வெறும் அழகுக்கு வைக்கும் பட்டன் கூடாது, டபுள் பிரெஸ்ட் கூடாது, பேண்ட்டில் வெளிமடிப்பு கூடவே கூடாது. மற்றதையெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு ஏற்ற ஆண்கள் அந்த ஒன்றரை அங்குல மடிப்புக்கு மட்டும் மல்லுக்கு நின்றார்கள். அப்போது வர்த்தக வாரியத்தின் (நம் வர்த்தக அமைச்சகம் மாதிரி) தலைவராக இருந்த ஹியூ டால்டன் துணி மிச்சமாகிறது என்று திரும்பத் திரும்ப விளக்க வேண்டியிருந்தது. கால் நீளம் அதிகமான பேண்ட்டாகப் பார்த்து வாங்கி, வீட்டில் மடித்துத் தைத்துக்கொண்டவர்கள் ஏராளம். 1944இல் அரசு இறங்கி வந்து தடையை விலக்கிக்கொண்டது.

சரி, உங்கள் பெரியவர் எந்த ரகம்? தடை தைக்கிறவர்களுக்குத்தான், போட்டுக்கொள்கிறவர்களுக்கு இல்லை. அவருடைய கோட்டுக் கைமுனையில் நான்கு பட்டன் தெளிவாகத் தெரிகின்றன. ஆகவே அது போருக்கு முந்தைய சூட்டு என்றுதான் சொல்வேன். பெட்டியிலிருந்து எடுத்து, பூச்சி உருண்டை வாடை போக வெயிலில் போட்டு, இஸ்திரி போட்டு வந்திருக்கிறார். நீங்கள் 'கசங்காமல்' என்று எழுதியிருப்பது இதைத்தான்.

மாப்பிள்ளை ராணுவ உடையில் இருக்கிறார். அதற்குக் கூப்பன் கிடையாது, அரசுச் செலவு. மணமகளுக்கு வெள்ளை கவுன் இல்லை, கோட்டும் ஸ்கர்ட்டும். எந்த உடைக்கு எத்தனை கூப்பன் என்று அரசு போட்ட 1941 பட்டியலில் பெண்கள் குட்டைக் கோட்டுக்கு 11 கூப்பன், ஸ்கர்ட்டுக்கு 7. ஆக 18. துணிக் கட்டுப்பாடு 1941 ஜூன் 1ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானொலியில் திடீரென்று அறிவிக்கப்பட்டது. முன்கூட்டித் தெரிந்தால் கடைகளைச் சுருட்டிவிடுவார்கள் என்பதால் ரகசியம் அப்படிக் காக்கப்பட்டது. கூப்பன் புத்தகமே அச்சடித்திருக்கவில்லை. உணவு ரேஷன் புத்தகத்தில் மீதமிருந்த மார்ஜரின் (வெண்ணெய்க்கு மாற்று) கூப்பனைக் கொடுத்துச் சட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். முதல் ஆண்டுக்கு ஆளுக்கு 66. கம்பளி ஓவர்கோட் 14, கம்பளி கவுன் 11, ஷூ 5, பிளவுஸ் 5, ஆறு ஜோடி ஸ்டாக்கிங்ஸ் 12 என்று போட்டால் 47 போய்விடும். மிச்சம் 19இல் உள்ளாடையும் இரவு உடையும். ஸ்வெட்டர் பின்ன நூல் வாங்கினால் இரண்டு அவுன்ஸுக்கு ஒரு கூப்பன். உங்கள் படம் எடுத்த சமயம் இந்த 66, ஆண்டுக்கு 48 என்ற அளவுக்கு இறங்கியிருந்தது. போர் முடிந்த பிறகு இன்னும் மோசம்: 1945 செப்டம்பரிலிருந்து எட்டு மாதத்துக்கு 24தான். இப்படியிருக்க, ஒரே நாள் உடுத்தும் வெள்ளை கவுனில் கூப்பனைப் போட யாருக்கு மனசு வரும்? கோட்டும் ஸ்கர்ட்டும் என்றால் மறுநாளிலிருந்து வேலைக்கும் போட்டுக்கொண்டு போகலாம். வெள்ளை உடுத்தியவர்களில் பலர் இரவல் வாங்கியவர்கள். நம் ஊரில் கல்யாணத்துக்குப் பக்கத்து வீட்டு அட்டிகை வந்த மாதிரி.

தலையில் இறகு வைத்த தொப்பி இருக்கிறதே, அதைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டீர்கள். உடையெல்லாம் இவ்வளவு அடக்கமாக இருக்கும்போது தொப்பி மட்டும் ஏன் ஆட்டம் போடுகிறது? தொப்பிக்குக் கூப்பன் கிடையாது. காசு இருந்தால் போதும். அரசு எந்தக் கதவைச் சாத்த மறந்ததோ அந்த வழியாக ஆசை வெளியே வருகிறது. ஜன்னலை இருட்டடிக்கும் கறுப்புத் துணிக்கும் கொஞ்ச காலம் கூப்பன் கேட்கவில்லை. அதிலும் பாவாடை தைத்தார்கள்.

இப்போது உங்கள் கவுனுக்கு வருகிறேன். அந்த முத்திரையில் இருப்பவை இரண்டு 'சி' எழுத்துகள். ரெஜினால்ட் ஷிப் என்பவர் வரைந்தது. ஒரு துண்டு வெட்டி எடுத்த பாலாடைக்கட்டி உருண்டைகள் போல இருந்ததால் 'சீஸ்' என்றே ஜனங்கள் அழைத்தார்கள். 'யுடிலிட்டி' என்ற அரசுத் திட்டத்தில் நெய்து தைத்தது என்பதற்கு அடையாளம் அது. இன்ன தரத்துக்குக் குறையாத துணி, இன்ன விலைக்கு மேல் விற்கக்கூடாது, விற்பனை வரியும் இல்லை. அதோடு தையலுக்கு விதிகள்: கவுனில் இரண்டு பை, ஐந்து பட்டன், ஸ்கர்ட்டில் ஆறு மூட்டுத்தையல், ஒரே பக்கமாகப் படியும் 'கத்தி' மடிப்பு நான்கு, மொத்தத் தையல் 160 அங்குலம். எம்பிராய்டரி போன்ற அலங்காரம் எதுவும் ஆகாது. முடிந்தால் உங்கள் கவுனைப் புரட்டிப்போட்டு எண்ணிப் பாருங்கள். திருவிழாவில் உங்களைப் பார்த்து 'என்ன ஸ்டைல்' என்று யாராவது சொல்லியிருந்தால், அவர் பாதிக்குப் பாதி ஒரு அரசாணையைத்தான் பாராட்டியிருக்கிறார். மீதிப் பாதி என்று ஏன் சொல்கிறேனென்றால், சதுரத் தோளும் முழங்கால் வரைக்குமான ஸ்கர்ட்டும் முப்பதுகளின் கடைசியிலேயே வந்துவிட்டவை. போர் அவற்றைக் கண்டுபிடிக்கவில்லை, அப்படியே உறைய வைத்தது.

அந்த ஆணையை அழகாக்கவும் ஆள் பிடித்தார்கள். 1942இல் ஹார்ட்னெல், மோலினோ, ஹார்டி ஏமிஸ் போன்ற லண்டனின் பெரிய வடிவமைப்பாளர்களிடம் இதே விதிக்குள் மாதிரிகள் தைக்கச் சொன்னார்கள். சில மாதிரிகள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. லண்டன் போனால் பாருங்கள். ராணிக்குத் தைத்த கை, ஐந்து பட்டனுக்குள் என்ன செய்கிறது என்பது பார்க்க வேண்டிய விஷயம். இதே ஹார்ட்னெல்தான் 1947இல் இளவரசி எலிசபெத்தின் கல்யாண கவுனையும் தைத்தார். அப்போதும் துணி ரேஷன் ஓயவில்லை. ஊர்ப் பெண்கள் தங்கள் கூப்பனை இளவரசிக்கு அனுப்ப, ஒருவர் கூப்பனை இன்னொருவர் உபயோகிப்பது குற்றம் என்பதால் அவை திருப்பி அனுப்பப்பட்டன. 1949 மார்ச்சில்தான் துணி ரேஷன் முடிந்தது.

இந்த யுடிலிட்டி திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. நல்ல துணியை எட்டிப் பார்க்க முடியாதவர்களுக்கு அது கொடுத்தது. ஆனால் நீங்கள் கடிதத்தோடு அனுப்பியிருந்த இன்னொரு தாள், 1943இல் அரசு வெளியிட்ட 'இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை' கையேட்டின் பக்கம், அதன் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. ஸ்வெட்டரைப் பிரித்து மறுபடி பின்னுவது, கணவனின் பழைய சூட்டை மனைவிக்குக் கோட்டாக வெட்டித் தைப்பது, எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் லங்காஷயர் நெசவாலைக்காரியோ கிழக்கு லண்டன் துறைமுகத் தொழிலாளியின் மனைவியோ பிறந்ததிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள். கந்தலைத் தைத்துத் தைத்துக் கை காய்த்தவளிடம் போய் ஊசியில் நூல் கோக்கக் கற்றுக்கொடுத்தால் அவள் என்ன நினைத்திருப்பாள்? அந்தக் கையேடு பீரோ நிறையத் துணி வைத்திருந்தவர்களைப் பார்த்துப் பேசுகிறது.

இங்கேதான் உங்கள் 3 பவுண்டு புத்தகம் வருகிறது. வெட்டாத மூன்று பக்கத்தை நாட்டுப்பற்று என்று படித்திருக்கிறீர்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கூப்பன் பணம் இல்லை, வாங்க அனுமதிச் சீட்டு மட்டும்தான். கூப்பனைக் கடைக்காரர் வெட்டிக்கொள்வார், அதற்கு மேல் விலையையும் கொடுக்க வேண்டும். ஏழை வீடுகளில் வருடக் கடைசியில் கூப்பன் மிஞ்சியது, கையில் காசு மிஞ்சவில்லை. சட்டவிரோதமாகக் கூப்பனை விற்று ரொட்டி வாங்கியவர்கள் இருந்தார்கள். வாங்கிப் போனவர்கள் வசதியானவர்கள். விற்கவும் இல்லை, உபயோகிக்கவும் இல்லை என்றால், உங்கள் புத்தகத்துக்காரி பயந்த சுபாவமோ என்னவோ. இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டும் ஒரே டப்பாவில் இருந்ததாலேயே ஒரே வீட்டுப் பொருள் ஆகிவிடாது. வியாபாரிகள் வீடு காலி செய்யும் சாமான்களைக் கலந்துதான் கொட்டி வைப்பார்கள். மணமகளும் புத்தகத்துக்காரியும் ஒருவரையொருவர் பார்த்தேகூட இருந்திருக்க மாட்டார்கள்.

படத்தில் எல்லாரும் நேர்த்தியாக நிற்பதில் ஆச்சரியமில்லை. ஃபிலிம் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலம். வீட்டுக் கேமராவுக்கு ஒரு சுருள் கிடைப்பதே பாடு. யாராவது அதை வீணாக்கி, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தொழிற்சாலையிலிருந்து தலைத்துணியோடு வருகிறவளைப் படம் எடுப்பார்களா? எங்கள் அப்பாயிக்கும் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது, அதே போர்க்காலத்தில் கும்பகோணத்தில் எடுத்தது. பட்டுப்புடவை மடிப்புக் கலையாமல் நிற்கிறார். தாத்தா கோட்டுப் போட்டிருக்கிறார். கோட்டு ஸ்டூடியோக்காரருடையது, புடவை எதிர்வீட்டுக்காரருடையது. நம் ஆலைகள் ராணுவத்துக்கு நெய்துகொண்டிருந்தன, வெளியே துணிப் பஞ்சம். உடம்பில் ஒன்று, கொடியில் ஒன்று என்று இரண்டே புடவையில் இரண்டு வருடம் ஓட்டியதாக அப்பாயி சொல்வார். படத்தில் அது எங்கே இருக்கிறது? அந்தக் காலத்து ரேஷன் கார்டு ஒன்று அலமாரியில் ரொம்ப நாள் கிடந்தது. பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். இப்போது மிஞ்சியிருப்பது படமும், 1943இல் செம்பு மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்தார்களே, அந்த ஓட்டைக் காலணா இரண்டும். அப்பாயி அதைத் தாலிக்கயிற்றில் ஊக்கோடு கோத்து வைத்திருந்தாராம். என்னைக் கேட்டால் உங்கள் வியாபாரி விலையை மாற்றிப் போட்டுவிட்டார். 6 பவுண்டு புத்தகத்துக்குத்தான்.

திரும்பிப் போகலாமா என்று கேட்டீர்கள். 18 கூப்பனுக்குக் கோட்டும் ஸ்கர்ட்டும் வாங்கிய பெண்ணிடம் உங்கள் வாராந்தரப் பார்சலைக் கொடுத்துப் பாருங்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வாள். துணி குறைவாக வாங்குங்கள், நல்லது. அதற்குப் போர் எதற்கு?

கடைசியாக அந்தக் கேக். 1940இலேயே கேக்கின் மேல் சர்க்கரைப் பூச்சு போடத் தடை வந்துவிட்டது. ஆகவே பேக்கரிக்காரர்கள் அட்டையில் மூன்றடுக்கு செய்து, பூவேலையோடு வெள்ளையாக்கி வாடகைக்கு விட்டார்கள். கீழே அக்கம்பக்கத்து ரேஷனைச் சேர்த்துச் செய்த சின்னக் கேக் இருக்கும். படம் எடுத்ததும் அட்டையைத் தூக்கிவிட்டு அதை வெட்டுவார்கள். அட்டைக் கேக் அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிவிடும். உங்கள் படத்தில் மணமக்கள் கத்தியைச் சேர்ந்து பிடித்திருக்கிறார்கள், ஆனால் முனை அடுக்கில் இறங்கியிருக்கிறதா, சும்மா ஒட்டி நிற்கிறதா என்று இந்த ஸ்கேனில் தெரியவில்லை. அந்த இடத்தை மட்டும் 1200 டிபிஐயில் மறுபடி ஸ்கேன் செய்து அனுப்புங்கள். அனுப்பும்போது கூப்பன் புத்தக அட்டையில் இருக்கும் பெயரையும் முகவரியையும் ஒரு தாளால் மறைத்துவிடுங்கள், அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்னும் அதே தெருவில் இருக்கக்கூடும்.

அன்புடன்