சிங்கப்பூரின் போட் கீ துறை எப்படி உணவக வீதியானது?

1819-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் வந்தபோது, போட் கீ அமைந்த சிங்கப்பூர் ஆற்றின் தென்கரை சதுப்பு நிலமாக இருந்தது. இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ் இருக்குமிடத்தில் நின்ற குன்றை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டு தூர்த்த பிறகே அங்கு கடைவீடுகள் எழுந்தன. கரை வளையும் வடிவம் கெண்டை மீனின் வயிற்றை ஒத்திருப்பதால் அங்கு செல்வம் சேரும் என்று சீன வணிகர்கள் நம்பினர். நம்பிக்கை எதுவாயினும், 1860-களில் நகரின் கப்பல் வணிகத்தில் முக்கால் பங்கு இக்கரையிலேயே நடந்தது. கடலில் நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்குப் படகுகள் அரிசி, மிளகு, பின்னாளில் ரப்பர் ஆகியவற்றைக் கொண்டுவர, கூலிகள் ஒடுங்கிய பலகைகளின் மேல் மூட்டை சுமந்து கிடங்கு சேர்த்தனர். தொடக்கக் காலப் படகோட்டிகளில் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் கணிசமானோர். அருகிலுள்ள மார்க்கெட் தெருவில் நகரத்தார் கிட்டங்கிகள் எனும் வட்டித்தொழில் கூடங்களில் அமர்ந்து கடன் கொடுத்தனர்.

கொள்கலன் கப்பல்கள் பரவியதும் படகுத் தொழில் நலிந்தது. அதற்கு முன்பே ஆறு சாக்கடையாகியிருந்தது. 1977-இல் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக்குள் அதைத் தூய்மைப்படுத்தப் பணித்தார். 1983-இல் படகுகள் தென்மேற்குக் கடற்கரையிலுள்ள பாசிர் பாஞ்சாங்குக்கு அகற்றப்பட்டன. 1989-இல் போட் கீ மரபுப் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டதால் கடைவீடுகள் தப்பின. முகப்புகள் தப்பினவே தவிர, அங்கு உழைத்த சமூகங்கள் திரும்பவில்லை என்பதே என் கருத்து. இன்று அலுவலகம் முடிந்து வருவோரும் சுற்றுலாப் பயணிகளும் அங்குள்ள உணவகங்களையும் மதுக்கூடங்களையும் நிரப்புகின்றனர். 2008-இல் திறக்கப்பட்ட மரினா அணைக்கட்டு கடல்நீரைத் தடுப்பதால், ஆறும் நன்னீர்த் தேக்கத்தின் பகுதியாகிவிட்டது.