பதில்: மே மாதத்தில் ஒண்டாரியோ ஏரியில் கயாக் – ஜீன்ஸ் போதுமா?

மே முதல் வாரம், வெளியே 18 பாகை செல்சியஸ், கயாக்கில் (உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகிய படகு) டொராண்டோ தீவுகளைச் சுற்றிவர ஜீன்சும் ஹூடியும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. காற்றைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள். அந்த வாரத்தில் ஏரி பெரும்பாலும் 10 பாகைக்கும் கீழேதான் இருக்கும்.

கவிழ்ந்தால் முதலில் தாக்குவது உடல் குளிர்ந்து விறைப்பது அல்ல, மூச்சுத் திணறல். முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் சொல் கேட்காது. பத்து நிமிடத்துக்குள் விரல்கள் மரத்துவிடும். பிறகு கயாக்கில் திரும்ப ஏறுவது நடக்காத காரியம்.

எனவே நனைந்தால் குளிரவைக்கும் பருத்தி எதுவும் வேண்டாம், உள்ளாடை உட்பட. இந்தக் குளிருக்கு, தண்ணீர் புகாத முழு உடல் உடையான டிரைசூட்தான் சரி என்பது என் கருத்து. அது தண்ணீரைத் தடுக்குமே தவிர, தானாகச் சூடு தராது. உள்ளே மெரினோ ஆட்டுக் கம்பளியோ ஃபிளீஸ் என்ற செயற்கை இழைத் துணியோ அணிய வேண்டும். இறங்கும் முன் குந்தி உட்கார்ந்து, கழுத்துப் பட்டையை விலக்கி உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றுங்கள். முதல் முறை நான் அதை மறந்து, பலூன் போல மிதந்தேன்.

விலை மலைக்க வைக்கும், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வெட்சூட் (உள்ளே தண்ணீர் புகும் ரப்பர் உடை) மட்டும்தான் கிடைக்கிறது என்றால், பயணத்தை ஜூன் கடைசிக்குத் தள்ளிவிடுவேன்.

காலுக்கு நியோப்ரீன் என்ற செயற்கை ரப்பர் துணியில் பூட்ஸ், கைக்கு அதே துணியில் கையுறை, தலைக்குக் கம்பளித் தொப்பி. உயிர்காப்பு அங்கி எல்லாவற்றுக்கும் மேலே, உடம்பில் இருக்க வேண்டும். கயாக்கின் மேல் கட்டிவைக்க அல்ல.

ஜீன்சைக் காரில் வையுங்கள், திரும்பி வந்து மாற்றிக்கொள்ள உதவும்.